மலை நகரத்துக்கு ஒற்றைப் பீம்: சோங்சிங் 2-ஆம் லைன் பிறந்த கதை

2004 ஜூலையில் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி சீனாவில் நடந்தது. ஜப்பான் அணிக்குக் குழுச் சுற்று ஆட்டங்கள் மூன்றும், ஜோர்டானுக்கு எதிரான காலிறுதியும் சோங்சிங் நகரத்தில். அங்கே புதிதாகக் கட்டிய ஒலிம்பிக் விளையாட்டரங்கில் ஜப்பானின் தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் ஊளையிட்டது. ஜப்பானியர் காலுக்குப் பந்து போனாலே கூச்சல். அது உலகம் முழுக்கச் செய்தியானது.

அந்த அரங்கம் இருக்கும் பகுதியின் பெயர் யுவான்ஜியாகாங். அதே மாதத்தில் அதே பகுதி வழியாக ஒரு ரயில் பாதை தூண்களின் மேல் ஏறித் தயாராகிக்கொண்டிருந்தது. பணத்தில் ஒரு பங்கு ஜப்பான் கொடுத்த கடன், தொழில்நுட்பம் ஹிட்டாச்சி என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது, முதலில் வந்த ரயில்கள் ஜப்பானிலேயே செய்தவை. அந்த ஆட்டங்கள் முடிந்து மூன்று மாதம் கழித்து, நவம்பரில், சோங்சிங் 2-ஆம் லைன் சோதனை ஓட்டமாக மக்களை ஏற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சீனாவின் மேற்குப் பகுதிக்கு அதுதான் முதல் நகர ரயில். நகரப் போக்குவரத்துக்கென்று போட்டதில் சீனாவுக்கே அதுதான் முதல் மோனோரயில் லைன், அதாவது தண்டவாளத்துக்குப் பதில் ஒற்றைக் கான்கிரீட் பீம் மேல் ஓடும் ரயில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். இரண்டாம் உலகப் போரில் சோங்சிங்தான் சீனாவின் தற்காலிகத் தலைநகரம். 1938 முதல் 1943 வரை ஜப்பானிய விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. 1941 ஜூன் 5-ஆம் தேதி இரவு, ஜியாவ்சாங்கோ பகுதியில் குண்டுக்குப் பயந்து சுரங்கத்துக்குள் அடைந்த மக்கள் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். 2-ஆம் லைன் புறப்படும் ஸ்டேஷன் அந்த ஜியாவ்சாங்கோதான். இப்படி ஒரு நினைவைச் சுமக்கிற ஊர், தன் முதல் ரயிலுக்கு ஏன் ஜப்பானிடம் போனது?

ராஜதந்திரம், கடன் நிபந்தனை, வட்டி என்று பல பதில்கள் சொல்லலாம். அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த லைனின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது ஒன்று: அந்த நிலத்தில் ஏறித் திரும்பக்கூடிய ரயில், ஓடிப் பழகிய நிலையில், அப்போது ஜப்பானிடம்தான் இருந்தது. நிலம் கேட்டதை ஊர் வாங்கியது. வாங்கியதற்கான விலையையும் பிறகு கொடுத்தது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் பற்றியது.

சைக்கிள் ஓடாத சீன நகரம்

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் சேரும் இடத்தில் நாக்கு நீட்டியது போல ஒரு குன்று. அதுதான் பழைய நகரம், யூசோங் தீபகற்பம். இரண்டு பக்கமும் ஆறு, நடுவே பாறை முதுகு. ஒரு கட்டடத்துக்குள் தெருவிலிருந்து நுழைந்து, எட்டாவது மாடிக்குப் போய், பின்பக்கக் கதவைத் திறந்தால் அங்கேயும் ஒரு தெரு இருக்கும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அந்த ஊரில் முகவரி சொல்லும்போது எந்த வாசல், எந்த மட்டம் என்று சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சீனா என்றாலே சைக்கிள் கூட்டம் நினைவுக்கு வந்த காலத்திலும் சோங்சிங்கில் சைக்கிளைப் பார்ப்பது அபூர்வம். ஏற்றத்தில் யார் மிதிப்பது? மூங்கில் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் சுமையைக் கட்டித் தொங்கவிட்டுப் படிக்கட்டில் ஏறும் கூலிக்காரர்கள்தான் ஊரின் சரக்குப் போக்குவரத்து. அவர்களைக் கம்பின் பெயராலேயே ‘பாங்பாங்’ என்று கூப்பிடுவார்கள். ஜியாலிங் ஆற்றைத் தாண்ட 1982-இல் ரோப் கார் போட்டார்கள், யாங்சியைத் தாண்ட 1987-இல் இன்னொன்று. குன்றின் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே காசு கொடுத்து ஏறும் பொது லிஃப்ட் வந்தது. 1996-இல் லியாங்லுகோவில் 112 மீட்டர் நீள எஸ்கலேட்டர் வந்தது. இவை அனைத்தும் வேடிக்கை பார்க்கக் கட்டியவை அல்ல. வேலைக்குப் போய்வரக் கட்டியவை.

1997-இல் சோங்சிங்கைச் சிச்சுவான் மாகாணத்திலிருந்து பிரித்து, பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் போல மத்திய அரசின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். ஊர் வேகமாகப் பெருகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பேருந்தும் மலைச் சாலையும் மட்டும் தாங்காது. அத்துடன் காற்று. கந்தகம் அதிகமுள்ள நிலக்கரியை எரித்து எரித்து, அமில மழைக்குப் பேர்போன ஊராக ஆகியிருந்தது சோங்சிங். மலை சூழ்ந்த பள்ளம், மூடுபனி, புகை. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெட்ரோ ஏன் இல்லை?

சாதாரண மெட்ரோவைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அதற்கு அன்றைய சீனாவில் இரண்டு தடைகள் இருந்தன.

ஒன்று, பெய்ஜிங்கின் கட்டுப்பாடு. ஷாங்காயும் குவாங்சோவும் தங்கள் முதல் லைன்களுக்கு வெளிநாட்டிலிருந்து ரயில், சிக்னல் எல்லாம் இறக்கிச் செலவை எகிற வைத்திருந்தன. மற்ற ஊர்களும் அதே வழியில் கிளம்பிவிடும் என்ற பயத்தில் 1995 டிசம்பரில் மத்திய அரசு புது மெட்ரோ அனுமதிகளை நிறுத்திவைத்தது. தடை தளர்ந்த பிறகு, 1999-இல், ஒரு நிபந்தனை வந்தது: நகர ரயில் திட்டத்தில் பயன்படும் சாதனங்களில் 70 சதவீதமாவது உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். இந்த 70 சதவீதம் 2-ஆம் லைனின் போக்கையே தீர்மானித்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்று, நிலம். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் வழுக்கும். அதனால் சாதாரண மெட்ரோவுக்கு 100 மீட்டருக்கு 3 மீட்டர், கொஞ்சம் இழுத்தால் 3.5 மீட்டர் ஏற்றம்தான் வசதி. திரும்பவும் அகலமான வளைவு வேண்டும். சோங்சிங்கில் அப்படிப் போனால் ரயில் பாதி தூரம் பாறைக்குள் ஆழமாகவும், பாதி தூரம் வானத்தில் உயரமாகவும் போக வேண்டியிருக்கும். பீம் மேல் ஓடும் மோனோரயிலுக்கு ரப்பர் டயர். 100 மீட்டருக்கு 6 மீட்டர் வரை ஏறும், 100 மீட்டர் ஆரத்தில் திரும்பும். குன்றோடு சண்டை போடாமல் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பாதை அமைந்த விதத்தைப் பார்த்தால் இது புரியும். ஜியாவ்சாங்கோவும் லின்ஜியாங்மெனும் நிலத்தடி ஸ்டேஷன்கள். அங்கிருந்து குன்றுக்கு வெளியே எட்டிப் பார்த்து, ஜியாலிங் கரைச் சாலையை ஒட்டி ஹுவாங்ஹுவாயுவான், செங்ஜியாயான், நியூஜியாவ்துவோ என்று போகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் தண்ணீர், நடுவே சாலைக்கே இடம் பற்றாத ஒரு கீற்று நிலம். அதில் ஒற்றைத் தூண் நட்டு மேலே இரண்டு பீம் வைத்தால் போதும். லிசிபா தாண்டியதும் பாறை முதுகில் ஏறி ஃபோதுகுவான், தாபிங். அப்புறம் இறங்கி யாங்ஜியாபிங், மிருகக்காட்சிசாலை, தாதுகோவ். ஆற்றங்கரையிலிருந்து மலை முதுகுக்கு ஏறுவதும் மறுபக்கம் இறங்குவதும் ஒரே ரயிலில்.

இந்த வகை மோனோரயிலின் வேர் ஜெர்மனி. கொலோன் பக்கத்தில் 1950-களில் அல்வெக் என்ற நிறுவனம் சோதித்துப் பார்த்தது. ஹிட்டாச்சி அதன் உரிமத்தை வாங்கி, 1964-இல் டோக்கியோ ஹனேடா விமான நிலைய மோனோரயிலைப் போட்டது. பிறகு கிடாக்கியூஷு, ஒசாகா, டாமா என்று வரிசையாகக் கட்டித் தேறியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதைக் கண்காட்சிப் பொருளாகவே விட்டுவிட்ட காலத்தில், தினசரிப் பயணிகளை வைத்து ஓட்டிப் பழகிய கை ஜப்பானிடம்தான் இருந்தது. மேலே கேட்ட கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது.

பணமும் அங்கிருந்தே வந்தது. 2001 மார்ச்சில் ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு வங்கி சுமார் 2,710 கோடி யென் கடனுக்குக் கையெழுத்திட்டது. சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்கு 2008 முதல் கடன் தந்த ஜப்பானிய அரசு உதவித் திட்டம்தான் இதுவும். நடத்தும் அமைப்பின் பெயர் மட்டும் இடையில் மாறியது. சோங்சிங்குக்கு அந்தக் கடனுடன் சுற்றுச்சூழல் என்ற காரணமும் ஒட்டியிருந்தது. 1997-இல் ஜப்பானும் சீனாவும் ‘மாதிரிச் சூழல் நகரங்கள்’ என்று மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்தபோது, தாலியன், குய்யாங் இரண்டோடு சோங்சிங்கும் இருந்தது.

ஒவ்வொரு பீமும் வேறு

2000 டிசம்பரில் முறையாக வேலை தொடங்கியது. பொறியாளர்களைத் தூங்கவிடாத பொருள் என்று ஒன்றைச் சொல்வதென்றால் அது பீம். கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

சாதாரண மேம்பால ரயிலில் பாலத்தை முதலில் கட்டுவார்கள். அப்புறம் அதன் மேல் தண்டவாளம் போடுவார்கள். பாலத்தில் கால் அங்குலம் பிசகினாலும் தண்டவாளம் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். மோனோரயிலில் அந்தச் சலுகை இல்லை. பாலமும் தண்டவாளமும் ஒன்றே. 85 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், பெரும்பாலும் 22 மீட்டர் நீளம் கொண்ட முன்தகைவுக் கான்கிரீட் பீம். அதன் மேல்பரப்பில் ரயிலின் எடையைத் தாங்கும் டயர்கள் உருளும். பக்கவாட்டில் மேல்புறம் ரயிலை வழிநடத்தும் சிறிய டயர்கள், கீழ்ப்புறம் சாயாமல் பிடிக்கும் டயர்கள். ஒரு போகிக்கு, அதாவது பெட்டிக்கு அடியில் இருக்கும் ஒரு சக்கரத் தொகுதிக்கு, ஓடும் டயர் நாலு, வழிகாட்டி நாலு, பிடிமானத்துக்கு இரண்டு. மின்சாரமும் பீமின் பக்கவாட்டிலேயே ஓடுகிறது, 1,500 வோல்ட். சுருக்கமாக, ரயில் பீமைக் கால்களால் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆக, பீமின் ஆறு முகங்களில் மூன்று முகங்கள் ரயில் ஓடும் பரப்பு. வளைவில் பீம் வளைய வேண்டும், ரயில் வெளியே சாயாமலிருக்க பீமே முறுக்கிக்கொள்ளவும் வேண்டும், ஏற்றத்துக்கேற்ப நிமிரவும் வேண்டும். இந்த மூன்றையும் வார்க்கும்போதே கொண்டுவந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சோங்சிங் போன்ற பாதையில் நேர்த்துண்டு குறைவு, வளைவு அதிகம். அதனால் ஒரு பீமுக்குச் செய்த அளவு பக்கத்துப் பீமுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிக் கணக்கு, அதற்கு ஏற்றபடி வளைத்து அமைக்கக்கூடிய அச்சு. வார்த்த பிறகு கான்கிரீட் சுருங்கும், பாரத்தில் மெல்லத் தொய்யும். அந்தச் சுருக்கத்தையும் தொய்வையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்து வார்த்தால்தான் தூண் மேல் வைக்கும்போது மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தும். பொருந்தாவிட்டால் பயணிக்கு அது ஒவ்வொரு 22 மீட்டருக்கும் ஒரு குலுக்கலாகத் தெரியும்.

இந்த வித்தையை முழுசாகக் கற்றுக்கொண்டதுதான் 2-ஆம் லைனின் பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன். அதற்கு வழிசெய்தது அந்த 70 சதவீத நிபந்தனை. முதல் ரயில்கள் ஹிட்டாச்சியில் செய்து வந்தன. மற்றவை உரிமத்தின் கீழ் சாங்சுன் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டன. பீமை உள்ளூரிலேயே வார்த்தார்கள். பீமையே நகர்த்தி ரயிலை அடுத்த பாதைக்கு மாற்றும் பாயிண்டுகளையும் உள்நாட்டில் செய்யக் கற்றார்கள். 2005-இல் பாதை முறையாகத் திறந்து மூன்றே வருடத்தில், 2008-இல், இந்த வகை மோனோரயிலுக்கான தேசிய வடிவமைப்பு விதிமுறை சீனாவில் வெளிவந்தது. அதன் அடித்தளம் சோங்சிங்கின் அனுபவம். கடன் வாங்கிய ஊர், அடுத்த ஊர்களுக்கு விதி எழுதிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

லிசிபா: ஒரே மனை, இரண்டு பேர்

இனி, எல்லோருக்கும் தெரிந்த அந்த வீடியோ. ஆற்றங்கரையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம், அதன் வயிற்றுக்குள் ரயில் நுழைகிறது. வாட்ஸ்அப்பில் வந்த எத்தனையோ விளக்கங்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன: கட்டடம் ஏற்கெனவே இருந்தது, இடிக்க முடியவில்லை, அதனால் ஓட்டை போட்டு ரயிலை விட்டார்கள். இது தவறு.

லிசிபாவில் ரயில் பாதை வரவிருந்த இடமும் ஒரு குடியிருப்புக் கட்டடம் எழவிருந்த இடமும் ஒன்றாகிவிட்டன. பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வேறு இடமே இல்லை. ஒருவர் விலக வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து கட்ட வேண்டும். சேர்ந்து கட்டினார்கள். ரயிலும் கட்டடமும் ஒரே சமயத்தில் வடிவமைக்கப்பட்டு, ஒரே சமயத்தில் எழுந்தன. 19 மாடி. கீழே ஐந்து மாடி கடைகளும் அலுவலகங்களும். 6, 7, 8 மாடிகள் ஸ்டேஷன். அதற்கு மேல் 19 வரை வீடுகள்.

இதில் நான் திரும்பத் திரும்ப ரசிப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை. ஸ்டேஷனும் கட்டடமும் ஒன்றையொன்று தொடவில்லை. ரயிலையும் ஸ்டேஷனையும் தாங்கும் தூண்கள் கட்டடத்துக்குள் ஊடுருவித் தரைக்குள் தனியாக இறங்குகின்றன. கட்டடத்தின் தூண்கள் வேறு. இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு சாண் அளவு. ரயில் வரும்போது எழும் அதிர்வு ரயிலின் தூண் வழியாகத் தரைக்குப் போகிறது. ஒன்பதாவது மாடியில் தூங்கும் குழந்தையின் கட்டிலுக்கு வருவதில்லை. ரப்பர் டயர் என்பதால் சத்தமும் குறைவு. எஃகுச் சக்கர ரயிலை வைத்து இதைச் செய்திருந்தால் மேலே யாரும் குடியிருக்க ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பல வருடம் இது உள்ளூர்வாசிகள் ஏறி இறங்கும் சாதாரண ஸ்டேஷன். அப்புறம் சமூக வலைதளம் பிடித்துக்கொண்டது. இப்போது கட்டடத்துக்கு எதிரே கூட்டம். தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்து நிற்பார்கள். ரயில் அந்த வாய்க்குள் போவது போலப் படம் எடுப்பதற்கு. நடைபாதையில் நிற்க இடமில்லாமல் 2018-இல் மாநகரம் அங்கே ஒரு பார்வை மேடையே கட்டிக் கொடுத்தது. ‘லிசி’ என்றால் ப்ளம் பழம், ‘பா’ என்றால் சமதளம். பெயரில் இருக்கும் சமதளம் அங்கே கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தெரிந்தால்தான் அந்தக் கட்டடத்தின் அருமை தெரியும்.

அடுத்த ஸ்டேஷன் ஃபோதுகுவான். குளிர் முடிகிற வாரங்களில் பாதை ஓரச் சரிவில் பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமான மரங்களுக்கு நடுவே ரயில் நழுவிப் போகும். ‘வசந்தத்துக்குப் போகும் ரயில்’ என்று அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தம்.

யாங்ஜியாபிங்: அதே கேள்வி, வேறு முடிவு

2-ஆம் லைன் 2005 ஜூன் 18-இல் முறையாகத் திறந்தது, ஜியாவ்சாங்கோவிலிருந்து மிருகக்காட்சிசாலை வரை. அடுத்த வருடம் ஜூலை 1-இல் ஷின்ஷான்சுன் வரை நீண்டு 18 ஸ்டேஷன் ஆனது. அந்தக் கடைசித் துண்டுதான் தாதுகோவின் எஃகு ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளை நகரத்தின் மையத்தோடு சேர்த்தது. போர்க்காலத்தில் ஹான்யாங்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த இரும்பாலையிலிருந்து வளர்ந்த ஆலை அது. 2011-இல் மாசு காரணமாக ஊருக்கு வெளியே சாங்ஷோவுக்கு மாற்றப்பட்டது. ஆலை போனது, ரயில் மட்டும் அங்கேயே தங்கியது.

ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். யாங்ஜியாபிங் ஸ்டேஷன் பக்கத்தில் வணிக வளாகம் கட்டத் திட்டம் போட்டார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடத்தைக் காலி செய்தன. ஒரு குடும்பம் மட்டும் போகவில்லை. சுற்றிலும் மண்ணைத் தோண்டியெடுத்த பெரிய பள்ளத்தின் நடுவே, ஒரு மண் தீவின் உச்சியில், அந்த இரண்டு மாடி வீடு தனியே நின்ற படம் 2007 மார்ச்சில் உலகம் முழுக்கப் போனது. ‘ஆணி வீடு’ என்று பெயர். அதே மாதத்தில்தான் சீன நாடாளுமன்றம் தனியார் சொத்துரிமைக்குப் பாதுகாப்பு தரும் சட்டத்தை நிறைவேற்றியது. கடைசியில் இழப்பீடு பேசி முடிந்து, ஏப்ரல் தொடக்கத்தில் வீடு இடிக்கப்பட்டது.

அந்தச் சண்டை ரயிலோடு அல்ல, வணிக வளாகத்தோடு. அதை ரயில் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனாலும் ஒரே லைனில் சில ஸ்டேஷன் தள்ளி நடந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. லிசிபாவில் மனைக்கு உரிமை கேட்ட இருவருமே பெரிய கை, உட்கார்ந்து பேசி மாடி பிரித்துக்கொண்டார்கள். யாங்ஜியாபிங்கில் எதிரில் இருந்தது ஒரு குடும்பம். லிசிபாவின் படத்தைப் பகிர்கிறவர்களுக்கு யாங்ஜியாபிங்கின் படமும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

வாங்கியதற்கு விலை

மோனோரயில் மலிவு என்று சொல்லி விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

முதலில் இடம். ஒற்றைப் பீம் மேல் ஓடும் ரயிலின் பெட்டி, எடை, நீளம் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. 2-ஆம் லைன் நாலு பெட்டியோடு தொடங்கியது. கூட்டம் சேரச் சேர நீளமான ரயில்கள் தேவைப்பட்டன. இந்தக் கஷ்டம் முழு உருவத்தில் தெரிந்தது 3-ஆம் லைனில். 2-ஆம் லைன் வெற்றி என்று தெரிந்ததும் சோங்சிங் இரண்டாவதாக ஒரு மோனோரயிலைப் போட்டது. 2011-இல் திறந்த அந்த லைன் தெற்கிலிருந்து வடக்கே விமான நிலையம் வரை, இரண்டு ஆறுகளையும் தாண்டிப் போகிறது. கிளையோடு சேர்த்து சுமார் 67 கிலோமீட்டர், 45 ஸ்டேஷன். உலகிலேயே நீளமான மோனோரயில் லைன் என்ற பெயர் வந்தது. அதோடு, காலையிலும் மாலையிலும் பிளாட்பாரத்திலேயே கூட்டம் தேங்கும் லைன் என்ற பெயரும் வந்தது. எட்டுப் பெட்டி வரை நீட்டினார்கள். ஊரின் முதுகெலும்பாக ஓட வேண்டிய பாதைக்கு நடுத்தரக் கொள்ளளவு ரயிலைப் போட்டது தவறு என்றே நினைக்கிறேன். 2-ஆம் லைனுக்குப் பொருந்திய விடையை 3-ஆம் லைனுக்கும் எழுதிவிட்டார்கள்.

அப்புறம் பாதுகாப்பு. ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் சாதாரண மெட்ரோவில் கதவைத் திறந்து தண்டவாளம் ஓரமாக நடந்து வெளியேறலாம். பீம் மேல் நிற்கும் ரயிலுக்குக் கீழே தரையே இல்லை. இன்னொரு ரயிலைக் கொண்டுவந்துதான் தள்ளவோ ஆட்களை மாற்றவோ வேண்டும். டயர் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் உருள்வதற்கு எஃகு உருள்வதைவிட அதிக மின்சாரம் பிடிக்கும். சாதாரண ரயில் பாயிண்டில் இரண்டு நாக்குகள் நகர்கின்றன. இங்கே பல டன் எடையுள்ள பீமே நகர வேண்டும். அதற்கு நேரமும் பராமரிப்பும் கூடுதல்.

உதிரிப் பாகத்துக்கு ஆள் தேடுவதும் ஒரு கவலை. எஃகுத் தண்டவாள மெட்ரோவுக்கு உலகம் முழுக்கக் கடை உண்டு. இந்த வகை மோனோரயிலுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான். வூஹு போன்ற ஊர்கள் 2021-இல் மோனோரயில் திறந்தாலும், பெரிய சீன நகரங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வரவில்லை.

சோங்சிங்கே வரவில்லை என்பதுதான் முக்கியம். 2011-இல் 1-ஆம் லைனும், 2012-இல் 6-ஆம் லைனும் எஃகுத் தண்டவாளத்தில்தான் வந்தன. பிறகு வந்த 5, 10 போன்ற லைன்களுக்கு மலைக்கென்றே மாற்றி வடிவமைத்த எஃகுச் சக்கர ரயிலைச் செய்துகொண்டார்கள். மோட்டார் அதிகம் வைத்து, 100 மீட்டருக்கு 5 மீட்டர் வரை ஏறும்படி. மோனோரயிலின் ஏறும் திறனில் பெரும்பகுதியும் மெட்ரோவின் கொள்ளளவும் ஒரே வண்டியில். 2000-இல் இப்படி ஒரு ரயில் கையில் இருந்திருந்தால் 2-ஆம் லைன் மோனோரயிலாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதற்காக 2-ஆம் லைனைத் தவறான தேர்வு என்று சொல்ல நான் தயாரில்லை. அன்றைய பணம், அன்றைய தொழில்நுட்பம், அன்றைய அனுமதி ஆகிய மூன்றுக்குள்ளும் ஆற்றங்கரைக் கீற்று நிலத்தில் நுழையக்கூடிய ரயில் அது ஒன்றுதான். 2014 டிசம்பர் 30-இல் அது தெற்கே யூதோங் வரை நீண்டு 25 ஸ்டேஷன், சுமார் 31 கிலோமீட்டர் ஆனது. நியூஜியாவ்துவோவில் பிரியும் 2-ஆம் லைனும் 3-ஆம் லைனும், ஒன்று மேற்கே சுற்றியும் மற்றொன்று கிழக்கே சுற்றியும், யூதோங்கில் மறுபடி சந்திக்கின்றன. இன்று சோங்சிங்கின் ரயில் வலை 500 கிலோமீட்டருக்கு மேல். அதில் மோனோரயில் ஒரு சிறு பங்குதான்.

புதிய லைன்கள் குன்றின் தோளைப் பிடித்துப் போவதில்லை, நேராகக் குடைந்து போகின்றன. அதனால் ஸ்டேஷன்கள் ஆழமாகிவிட்டன. 2022 ஜனவரியில் 9-ஆம் லைனில் திறந்த ஹோங்யான்சுன் ஸ்டேஷன் தரையிலிருந்து 116 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதுவும் யூசோங் மாவட்டம்தான், லிசிபாவுக்கு மேற்கே, அதே ஜியாலிங் பக்கம். அங்கே ரயிலை விட்டு இறங்கியவர் ஓர் எஸ்கலேட்டரில் ஏறி, நடந்து, அடுத்ததில் ஏறி, மறுபடி நடந்து, வெளிச்சத்தைப் பார்க்க நேரமாகும். லிசிபாவில் எட்டாவது மாடியில் கதவு திறந்ததும் எதிரே ஜியாலிங் தெரியும்.